பல்லைக் கடித்தாலும் எகிறும் எண்

எங்கள் ஆய்வகத்தில், மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி தொப்பியை மாட்டுவது என் வேலை. எண்ணெய் வைத்த தலையில் பசை பிடிக்காது. முடியை ஒதுக்கி, தோலைத் தேய்த்து, ஒவ்வொரு மின்முனையாகப் பொருத்தவேண்டும். அப்புறம் கண்ணை மூடச் சொல்வேன். உடனே திரையில் நொடிக்குச் சுமார் பத்துத் தடவை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை! கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் உலகுக்குச் சொன்ன அதே அலை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

மனம் ஒரு வேலையில் எவ்வளவு ஈடுபட்டிருக்கிறது என்று இந்த அலைகளை வைத்து அளக்க, 1995-இல் நாசாவின் லாங்லி மையத்தில் ஆலன் போப் குழுவினர் ஒரு கணக்கு தந்தார்கள்: ஆல்ஃபாவைவிட வேகமான பீட்டா அலையின் வலிமையை, ஆல்ஃபா, அதைவிட மெதுவான தீட்டா இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். நேற்று ஒரு மாணவிக்கு அந்த எண் சட்டென்று எகிறியது. பாடத்தில் மூழ்கிவிட்டாள் என்று நினைத்தேன். பார்த்தால், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தாடைத் தசையின் மின்சாரமும் பீட்டா இருக்கும் அதே வேக வரம்பில்தான் வந்து விழும். இந்த எண்ணை வைத்துப் பிள்ளைகளின் கவனத்துக்கு மதிப்பெண் போடலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது. பதிவில் அவள் பல்லைக் கடித்த பகுதியை நீக்கிவிட்டு, "தாடையைத் தளர்த்திக்கோம்மா, இன்னொரு தடவை பார்ப்போம்" என்றேன்.