பெயிண்ட் அடித்த சனிக்கிழமை

மேலூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்கு எங்கள் வங்கி குடிநீர் இயந்திரம் கொடுத்தது. வள்ளல்தனம் என்று சொல்ல மாட்டேன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, பெரிய தனியார் வங்கிகள் மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். ஊழியர்கள் கொடுக்கும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதனால்தானோ என்னவோ, பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்த எங்களுக்கு ஒரு டீ-ஷர்ட்டும் குரூப் போட்டோவும்தான்.

உருப்படியான வேலை அப்புறம் மரத்தடியில் நடந்தது. நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்கள் பாஸ்புக்கோடு வந்துவிட்டார்கள்.

"ஏன் தம்பி, வருசா வருசம் 20 ரூவா பிடிக்கிறீகளே, எதுக்கு?"

விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்றேன். அதுவரை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லையாம்.

அடுத்த முறை பெயிண்ட் வேண்டாம், இதையே செய்வோம் என்று மேனேஜரிடம் கேட்டேன். "போட்டோ நல்லா வராதேப்பா" என்கிறார்.