பூம்பாறை வயலில் திறக்க வேண்டிய பக்கம்

கொடைக்கானல் மலைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ஆம் ஆண்டில். அந்தப் பூண்டைப் பற்றி ஓர் இணையதளம் அமைப்பதையே தங்கள் இறுதியாண்டுக் குழுச் செயல்திட்டமாக எடுத்துக்கொள்ளலாமா என்று எங்கள் பி.சி.ஏ. மாணவர்கள் ஐந்து பேர் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். அவர்களுள் ஒரு மாணவியின் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூண்டு போடுகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை.

முதல் கூட்டத்துக்கு வரும்போதே வேலையைப் பிரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நிரல் எழுதுவது பையன்கள் மூவருக்கு, நிறமும் உரையும் பெண்கள் இருவருக்கு. இதை நான் ஏற்கவில்லை. ஐவரும் ஆளுக்கொரு பக்கத்தின் உரையைத் தாங்களே விசாரித்து எழுத வேண்டும், அந்தப் பக்கத்தின் கட்டமைப்புக்கான எச்.டி.எம்.எல்., தோற்றத்துக்கான சி.எஸ்.எஸ். இரண்டையும் அவர்களே அமைக்க வேண்டும் என்று சொன்னேன். பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்: உரை என்பது கடைசி வாரத்தில் எங்கிருந்தோ எடுத்து நிரப்பும் பொருளாகிவிட்டால், தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் படிக்க ஒன்றும் இருப்பதில்லை.

மூன்றாம் வாரம் முகப்புப் பக்கத்தைக் காட்டினார்கள். மூடுபனி, அடுக்கு வயல், கொத்துக் கொத்தாகப் பூண்டு என ஆறு பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. கல்லூரி ஆய்வகத்தில் நொடியில் திறந்த அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, மறு சனிக்கிழமை பேருந்தேறி, கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பூம்பாறைக் கிராமத்துக்குப் போனோம். வயலுக்கு இறங்கும் பாதையில் கைபேசியில் அலைவரிசை வருவதும் போவதுமாக இருந்தது; மாணவர்கள் அளந்தபோது நொடிக்கு 200 கிலோபிட் அளவே கிடைத்தது. படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் வீதம் ஆறு படங்களுக்கு 24 மெகாபைட்; ஒரு பைட் என்பது எட்டு பிட். அந்த வேகத்தில் முகப்பு முழுதாகத் திறக்க 16 நிமிடம் ஆகும் என்பதை வரப்பில் உட்கார்ந்தே கணக்கிட்டார்கள். வெயிலில் இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் அவர்கள் அமைத்திருந்த எழுத்து கண்ணுக்கே தட்டுப்படவில்லை. இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கான பன்னாட்டு நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கிறது. வகுப்பில் நான் நடத்தியபோது தேர்வுக்கான எண்ணாக மட்டும் இருந்த அது அன்றுதான் அவர்களுக்குப் பொருள்பட்டது.

வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, "எம் பூண்டு எது, கீழ இருந்து லாரியில வந்து மலைப் பூண்டுன்னு விக்கிற பூண்டு எதுன்னு அதுல போட்டிருக்கீங்களா கண்ணு?" என்று அந்த மாணவியிடம் கேட்டார். போடவில்லை. மலைப் பூண்டின் மருத்துவக் குணங்கள் என்று இணையத்தில் எல்லோரும் எழுதுவதைத்தான் இவர்களும் எழுதியிருந்தார்கள். அப்போதுதான் அந்த மாணவி வாய் திறந்தார். விதைப் பூண்டைக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்பது, அப்படி வைத்தது மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது, அறுவடையானதைப் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் உள்ள வடுகபட்டிச் சந்தைக்கு இறக்குவது எனத் தன் வீட்டில் நடப்பதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, மற்ற நால்வரும் குறிப்பெடுத்தார்கள். இத்தனை நாளாக ஒரே மேசையில் இருந்தவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, ஆசிரியரான நானும் கேட்கவில்லை என்பதை நினைக்க இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த மாதம் தளம் அடியோடு மாறியது. நகரும் படங்கள் போயின. மீதமிருந்த படங்களை 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவில் சேமித்தார்கள். மூன்று எழுத்துருக்கள் இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முகப்பு 300 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதே வயலில் அது 12 நொடியில் திறக்கும்.

எதிர்பாராத சிக்கல் தமிழ் உரையில் வந்தது. மாணவியின் உறவினர் ஒருவர் பயிர் முறை பற்றிய பழைய துண்டறிக்கையின் கோப்பைத் தந்தார். பாமினி எழுத்துருவில் அடித்த அது, திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய காலத்து முறை அது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் யூனிகோடிலோ தமிழுக்கென்றே 128 இடங்கள் கொண்ட தனித் தொகுதி இருக்கிறது. ஒரு மாணவர் பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி நிரலை எழுதி உரையை மாற்றிவிட்டார். படிக்கவும் சரியாக இருந்தது. ஆனால் தளத்தின் தேடல் பெட்டியில் "கொடைக்கானல்" என்று இட்டால் அந்தப் பக்கம் மட்டும் வரவில்லை. இரண்டு நாள் தேடிக் காரணத்தைக் கண்டார்கள். விசைப்பலகையில் அடிக்கும்போது ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாகச் சேர்கிறது. மாற்றியோ ஒற்றைக் கொம்பையும் (ெ) துணைக்காலையும் (ா) தனித்தனிக் குறியீடுகளாக வைத்திருந்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே இருக்கிறது. சேமித்த உரையையும் தேடும் சொல்லையும் அதன் வழியே செலுத்தியதும் பக்கம் வந்து நின்றது. இந்த ஒரு பிழையைத் தாங்களே கண்டறிந்ததற்காகவே நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒருவர் வேலையை மற்றவர் அழித்துக்கொண்ட சண்டையும் நடந்தது. கோப்புகளில் யார் எதை மாற்றினார்கள் என்பதைப் பதிந்துவைக்கும், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' கருவிக்கு மாறிய பிறகு அது ஓய்ந்தது.

மதிப்பீடு முடிந்த மறுவாரம் மீண்டும் பூம்பாறைக்குப் போய் அந்தப் பாட்டியின் பேரன் கைபேசியில் தளத்தைத் திறந்து காட்டினோம். திறந்தது. பாட்டி படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு சாரு, எனக்குத்தான் எழுத்து தெரியாது. நான் சொன்னதை என்னன்னு எழுதியிருக்கீங்க?" என்றார். பேரன் உரக்கப் படித்தான். இரண்டு இடங்களில் நிறுத்தச் சொல்லித் திருத்தினார்.

திரும்பும் பேருந்திலேயே மாணவர்கள் பேசி முடிவு செய்துவிட்டார்கள். நொடிக்கு 32 கிலோபிட்டில் பதிந்தால் 40 நொடிப் பேச்சு 160 கிலோபைட்தான் வருகிறது. எனவே ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அதன் சாரத்தைப் பாட்டியின் குரலிலேயே வைக்கப் போகிறார்கள். பதிவு வரும் ஞாயிற்றுக்கிழமை, மழை இல்லாவிட்டால்.