ஆமைக்கு வாங்கிய கீரை: வாடலாம், அழுகக் கூடாது

ஆமை வளர்க்கிறவர்கள் அதிகமாகப் புலம்புவது கீரையைப் பற்றித்தான். ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கத்து வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும், காலையில் வாங்கிய சிறுகீரை மதியத்துக்குள் தலை தொங்கிவிடும். பயந்துபோய் தண்ணீரை அள்ளித் தெளித்து, கேரி பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே கொழகொழவென்று கருப்பாகக் கிடக்கும். வாடினது வேறு, அழுகினது வேறு. வாடின இலையில் போனது தண்ணீர் மட்டும்தான், நார் அப்படியே இருக்கிறது, ஆமை நன்றாகவே சாப்பிடும். அழுகின இலையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறியிருக்கும், அதைக் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான். ஆகவே பயப்பட வேண்டியது அழுகலுக்கு.

இதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் வளர்ப்பது சல்காட்டா, ஆப்பிரிக்காவில் சஹாராவின் தெற்கு ஓரத்தில் வாழும் ஆமை. இப்படிப்பட்ட வெளிநாட்டு விலங்குகளைப் பதிவு செய்யச் சொல்லி 2024-ல் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நம் ஊர் முள்காட்டில் திரியும் நட்சத்திர ஆமையைப் பிடித்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சர்வதேச வணிகத்திலும் 2019-லேயே அதை உச்சக் கட்டப் பாதுகாப்புப் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். அதைக் காட்டிலேயே விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

சரி, கீரைக்கு வருவோம். கட்டு வீட்டுக்கு வந்த முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். வாழைநாரோ ரப்பர் பேண்டோ இறுக்கிப் பிடித்த இடத்தில் தண்டு நசுங்கியிருக்கும், நடுவில் காற்றும் போகாது. பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும், அந்தச் சூடு கட்டுக்குள்ளேயே தங்கிவிடும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அழுகல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். பழுத்த இலை, கசங்கிய இலை, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் அப்போதே எடுத்துவிட்டு, மண்ணை உதறி, பழைய வேட்டியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் போடுங்கள். இலையின் மேல் ஈரம் காய்ந்தால் போதும், இலையே காய வேண்டியதில்லை. அப்புறம் உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி, ஒரு டப்பாவில் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்த மாதிரி விட்டு, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைக்கலாம். துணி ஈரமானால் மாற்றிவிட வேண்டும். ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் இலை உறைந்து கருகிவிடும். மாம்பழம், வாழைப்பழம், தக்காளி இருக்கிற தட்டிலும் வைக்காதீர்கள், பழம் விடுகிற எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும்.

கழுவுவது கொடுக்கப் போகும்போதுதான், வைக்கும்போது கூடாது. கழுவாமல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கடைக் கீரையில் மருந்து அடித்திருப்பார்கள். இங்கே பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு, அதனால் கடைசி அலசல் மட்டும் குடிதண்ணீரில். அந்தச் சொட்டுகளோடு அப்படியே தட்டில் வைத்துவிடுவேன், ஆமைக்குக் கொஞ்சம் தண்ணீரும் உள்ளே போகும். வெயில் ஏறுவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் தரையில் போட்ட இலை முறுகிவிடும்.

முருங்கை தனி ரகம். கொப்போடு துணியில் சுற்றி ராத்திரி வைத்தால் காலையில் இலையெல்லாம் தானாகக் கொட்டிக் கிடக்கும், உருவுகிற வேலையை மிச்சம் பிடிக்க நம் வீடுகளில் இப்படித்தான் செய்வார்கள். ஆமைக்கும் அது வசதிதான், ஆனால் கொட்டின இலை அதிகம் தாங்காது, அன்றைக்கே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிழலில் காய வைக்க வேண்டும். அகத்தி இன்னொன்று. அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் மாட்டுக்குக் கொடுக்கக் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அதைப் பார்த்து நிறைய வாங்கிவிடத் தோன்றும், வேண்டாம். முருங்கை, அகத்தி இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஆனால் புரதமும் அதிகம், சல்காட்டாவுக்கு எப்போதாவது ஒரு கைப்பிடி போதும். அதன் உண்மையான சாப்பாடு புல்தான். அருகம்புல் தினமும் போகட்டும், கீரை அதற்கு மேல் தொட்டுக்கொள்ள.

பாலக், முளைக்கீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை இவற்றில் ஆக்ஸலேட் அதிகம், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும், தினமும் கொடுக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்துள்ள கணவாய் மீன் ஓடு கரையில் ஒதுங்கும், நம்மில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதை எடுத்து வந்து நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுத்து, காயவைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டால் ஆமை வேண்டியபோது கடித்துக்கொள்ளும். மணத்தக்காளி இலையை நாம் வேகவைத்துச் சாப்பிடுகிறோம் என்பதற்காக ஆமைக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். அரளி, எருக்கு, ஊமத்தை மூன்றும் ஆமை நடமாடுகிற இடத்தில் இருக்கவே கூடாது.

கரண்ட் போனால் என்ன செய்வது? பெரிய பானையில் மணல் போட்டு நனைத்து, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, கீரையை அதில் வைத்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைக்கலாம். கச்சான் காற்று வறட்டுத்தனமாக அடிக்கிற மாதங்களில் இது நன்றாகக் குளிரும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, அப்போது இதை நம்ப முடியாது.

அந்த மழை மாதங்களுக்கு நான் நம்புவது இரண்டை. ஒன்று, வெயில் காலத்திலேயே செம்பருத்தி இலையையும் கொஞ்சம் முருங்கையையும் நிழலில் காயவைத்து நொறுக்கி வைத்துக்கொள்வது. சாயங்காலம் கடல் காற்றின் ஈரம் இறங்குவதற்கு முன்னால் உள்ளே எடுத்துவிட வேண்டும், எடுத்தால் சருகு போல நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், டப்பாவில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரப் புல்மேல் தூவிக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது சப்பாத்திக்கள்ளி. ஃப்ரிட்ஜே தேவையில்லை. இளமடலாகப் பார்த்து வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். ரோட்டோரம் இருப்பதை வெட்டாதீர்கள், வண்டிப் புகையும் குப்பையும் படிந்திருக்கும். பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், அதைச் சீவிவிடலாம். ஆபத்து அதன் அடியில் கொத்தாக இருக்கிற பொடிமுள்தான், விரலில் ஏறினால் நாள் முழுக்க உறுத்தும். இடுக்கியில் பிடித்து, அடுப்புத் தீயில் இரண்டு பக்கமும் வாட்டி, ஒவ்வொரு கண்ணிலும் அந்தப் பழுப்பு ரோமம் பொசுங்கிவிட்டதா என்று பார்த்து, ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் நறுக்குங்கள். அளவாகக் கொடுங்கள், அதிகமானால் வயிறு இளகும்.