நூற்றுக்கு நூறு வாங்கிய தவளை

பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தேன். மரம் வரைகிற வேலை என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சொன்னால் சித்திரம் கீறுவதாக நினைத்துக்கொள்வார்கள். நான் வரைந்தது பரிணாம மரம். மலைநாட்டுத் தவளைகளில் எது எதற்குச் சொந்தம் என்று டி.என்.ஏ.வை வைத்துப் பார்ப்பது. சூடோஃபிலாட்டஸ் என்ற புதர்த்தவளைகள். பெரும்பாலானவை மண்ணில் முட்டையிடும், தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளைதான் வெளியே வரும்.

ஒருநாள் நக்கிள்ஸ் மலையில் பிடித்த தவளை ஒன்று, மரத்தில் ஹோர்ட்டன் சமவெளித் தவளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் இடையில் மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது, குளிரில் வாழ்கிற விரல் நுனியளவு தவளை அதைத் தாண்டுவது லேசில்லை. அதனாலேயே, பெரிய கண்டுபிடிப்பு என்று எங்கள் சீனியருக்கு ஒரே சந்தோஷம்.

முதலில் போட்டது நெய்பர் ஜாய்னிங், 1987இல் சைட்டோ, நெய் என்ற இருவர் சொன்ன முறை, டி.என்.ஏ. எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்ற கணக்கை மட்டும் பார்த்து நொடியில் மரம் தந்துவிடும். அப்புறம் பார்சிமனி, அதாவது ஆகக் குறைந்த மாற்றங்களோடு கதையை முடிக்கிற மரம் எது என்று தேடுவது. கடைசியாக லைக்லிஹூட், எந்த மரம் இருந்தால் இந்த டி.என்.ஏ. வர வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பது, அது கொஞ்சம் நேரம் தின்னும். 10 தவளைக்கே வேரில்லாத மரங்கள் 2,027,025 வருமென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எதில் போட்டாலும் தவளை அதே இடத்தில்தான். கிளை எவ்வளவு உறுதி என்று சொல்கிற பூட்ஸ்ட்ராப் எண், நூற்றுக்கு 100.

அந்த நூறுதான் எங்களைக் கவிழ்த்தது. ஃபெல்சன்ஸ்டீன் 1985இல் கொண்டுவந்த பூட்ஸ்ட்ராப்பில், டி.என்.ஏ. வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து கீழாக வரும் நிரல்களைக் குலுக்கல் சீட்டு மாதிரி எடுத்து, எடுத்ததைத் திரும்பப் போட்டு மறுபடி எடுத்து, இப்படி ஆயிரம் மரம் கட்டி, ஒரு கிளை நூற்றுக்கு எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவார்கள். டி.என்.ஏ. எடுக்க டியூபில் போட்டு வைத்தது எந்தத் தவளையின் தசை என்று அதற்கு எப்படித் தெரியும்? அம்மா கொழுந்து எடுக்கிறவர். நிறுக்கிற இடத்தில் அவர் கிலோ வேறொருவர் பேரில் ஏறிவிட்டால் தராசைத் திட்டி என்ன பிரயோசனம், எத்தனை தரம் வைத்தாலும் அதே நிறைதான் காட்டும்.

ஒரு வாரம் கழித்துத்தான் பெட்டியைத் திறந்து டியூபைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மார்க்கரில் எழுதிய இலக்கம், தசை ஊறிய எத்தனோல் கசிந்து நீலக் கறையாகிக் கிடந்தது. அதன்மேல் யாரோ உத்தேசமாகத் திருப்பி எழுதியிருக்கிறார்கள், 17ஆ 11ஆ என்றே சொல்ல முடியவில்லை. கையெழுத்து என்னுடையதுதான்.

காலில் நூலால் கட்டிய இலக்க அட்டையோடு அந்த நக்கிள்ஸ் தவளை முழுசாகப் போத்தலில் பத்திரமாக இருந்தது. அதன் தொடையிலிருந்து புதிதாக ஒரு துணுக்கு வெட்டி, டி.என்.ஏ. எடுத்து, மறுபடி மரம் போட்டோம். நக்கிள்ஸ் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

சீனியர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாள் பேசவுமில்லை. மூன்றாம் நாள் என் மேசையில் ஒரு பெட்டி பென்சில் இருந்தது.