ஆக்சிஜன் தேறிய பிறகு வந்த வயிற்று வலி

2021 மே 15, சனி

விடியற்காலையில்தான் அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்தேன். கையுறைக்குள் ஊறிய விரல்கள் இன்னும் சுருங்கியே இருக்கின்றன. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

நோயாளிக்கு வயது 54. நீரிழிவு உண்டு. கொரோனா அறிகுறி தொடங்கி நேற்று 11ஆம் நாள். நிமிடத்துக்கு 10 லிட்டராக இருந்த ஆக்சிஜன் 2 லிட்டருக்கு இறங்கி, விரலில் மாட்டிய கருவியும் 96 காட்டியதால், தேறியவர்கள் கணக்கில் அவரைச் சேர்த்துவிட்டோம். மாலை 7 மணிக்கு வயிறு வலிப்பதாகச் சொல்லியிருக்கிறார். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போய்க்கொண்டிருந்ததால் இரைப்பைப் புண்ணாக இருக்கும் என்று கருதி, அமிலத்தைக் குறைக்கும் ஊசி போடப்பட்டது. அறுவைப் பிரிவு டியூட்டியிலிருந்த என்னை அழைத்தபோது இரவு 11 மணி ஆகிவிட்டது.

இரட்டைக் கையுறையோடு அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிசைந்த மாவு போல மெத்தென்றிருந்தது, அழுத்தியும் விறைக்கவில்லை. அவரோ முழங்காலை மடக்கிக்கொண்டு, கட்டில் கம்பியை இறுகப் பிடித்தபடி, "குடலைப் புடிச்சு முறுக்குற மாதிரி இருக்கு டாக்டர், மூச்சு முட்டினப்பகூட இப்படித் துடிக்கல" என்றார். கைக்குத் தெரிவதற்கும் நோயாளி படும் பாட்டுக்கும் இவ்வளவு தூரம் இருந்தால், குடலுக்கு ரத்தம் போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திசுக்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் இயல்பாக இருந்தது. தொடக்கத்தில் அது அப்படித்தான் இருக்கக்கூடும். அதை நம்பிக் காத்திருந்தால் குடல் போய்விடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6 எனக் கூடியிருந்ததால் சாயம் ஏற்றி சி.டி. எடுப்பதில் தயக்கம் எழுந்தது. சிறுநீரகத்துக்கு வரக்கூடிய கேட்டைவிடக் குடலுக்கு வந்துகொண்டிருக்கும் கேடு பெரிது என்று வாதாடித்தான் எடுக்க வைத்தேன்.

மகாதமனியிலிருந்து கிளைத்து, சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் முன்பாதிக்கும் ரத்தம் கொண்டுசெல்லும் சுப்பீரியர் மெசன்டெரிக் தமனியில், தொடக்கத்திலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளி, சாயம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினை உடனே கொடுத்தோம். வயிற்றைத் திறந்தபோது மணி 2.40. ரத்தம் அறவே நின்றுபோன குடல் சுமார் 6 மணி நேரத்தில் மீள முடியாத நிலைக்குப் போய்விடும் என்பார்கள். எங்களுக்கு ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அழுகிய குடல் எனக்குப் புதிதன்று. நாவற்பழ நிறத்திலோ கரி நிறத்திலோ இருக்கும். இதிலோ கறுத்த பகுதிகளுக்கு இடையே, பழுப்பேறிய வாழையிலை போன்ற மஞ்சள் திட்டுகள் இருந்தன. தலைமை மருத்துவர் தமனியைக் கீறி, நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி இழுத்தபோது, ஒரு விரற்கடை நீளத்துக்கு ரத்தக்கட்டி வெளியே வந்தது. பிறகு வெந்நீரில் சூடாக்கிய உப்புநீர்த் துணிகளால் குடலைப் போர்த்திவிட்டு 20 நிமிடம் காத்திருந்தோம். துணியை விலக்கியபோது மேற்பகுதிச் சிறுகுடலின் நிறம் மாறி, ஓரத்துச் சிறு தமனிகள் விரல் நுனியில் துடித்தன. கீழ்ப்பகுதியில் 140 செ.மீ. திரும்பவில்லை. அதை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் மூடிவிட்டு, மறுபார்வைக்காக வயிற்றைத் தைக்காமல் விட்டோம்.

2021 மே 16, ஞாயிறு

அந்த மஞ்சள் நிறம் மனத்தைவிட்டுப் போகாததால் பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையினர் கடந்த ஆண்டு, 412 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களில் சிலருக்கு எடுத்த வயிற்றுப் படங்களைத் தொகுத்திருந்தார்கள். வயிற்று சி.டி. எடுத்தவற்றில் 31 சதவீதத்தில் குடல் சுவரில் மாற்றம் இருந்தது. அறுவைக்குப் போனவர்களிடம் இதே மஞ்சள் நிறத்தை அவர்களும் கண்டிருக்கிறார்கள். சூரிச் குழுவினர் 2020 ஏப்ரலில், வெட்டி எடுத்த சிறுகுடலின் ரத்தக்குழாய் உட்சுவரில் அழற்சி இருந்ததைக் காட்டியிருந்தனர்.

வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.2 ஏற்பி நுரையீரலில் மட்டும் இருப்பதன்று. குடலின் உட்படலத்தில் அது நிறையவே உண்டு, ரத்தக்குழாயின் உட்சுவரிலும் உண்டு. உட்சுவர் புண்பட்டு, ரத்தமும் உறையும் போக்குக்கு வந்துவிட்டால், பெரிய தமனியில் கட்டி தோன்றலாம், சிரையில் தோன்றலாம், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களிலும் தோன்றலாம். இவருக்குச் சேர்த்த நாள் முதல் தினமும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசி 40 மி.கி. தவறாமல் போடப்பட்டிருந்தது. அதையும் மீறித்தான் கட்டியிருக்கிறது என்பதை எல்லோரும் அறிய வேண்டும்.

2021 மே 17, திங்கள்

மறுபார்வையில் இன்னும் 25 செ.மீ. எடுக்க வேண்டியதாயிற்று. மீதி நன்றாக இருக்கிறது. இணைத்துத் தைக்கத் துணியாமல், முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்தினோம்.

2021 மே 19, புதன்

தீவிர சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டரில் இருந்த 71 வயது அம்மா இன்று இறந்துவிட்டார். மயக்கத்திலிருந்தவரால் வலிக்கிறது என்று சொல்லவும் இயலவில்லை. மூக்குக் குழாய் வழியே கொடுத்த உணவு இரண்டு நாளாக எதுக்களித்தது, வயிறு உப்பியது, அவ்வளவுதான் அடையாளம். சி.டி.யில் பெரிய தமனிகள் எல்லாம் திறந்தே இருந்தன. ஆனால் குடல் அழுகுவதன் அடையாளமாக, குடல் சுவருக்குள் காற்றுக் கோடுகள் தெரிந்தன. ரத்த அழுத்தம் விழும்போது உடல் மூளையையும் இதயத்தையும் காப்பதற்காகக் குடலின் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கிறது. அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த நாம் கொடுக்கும் நார்அட்ரினலினும் அந்தக் குழாய்களை மேலும் சுருக்குகிறது. அதை நிறுத்தவும் வழியில்லை. உணவு எதுக்களித்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை; ஆயினும் கூப்பிட்டிருக்க வேண்டும்.

2021 மே 20, வியாழன்

வார்டுப் பதிவேட்டில் வெப்பம், நாடி, ரத்த அழுத்தம், சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் அளவு) ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு, வயிற்றுக்கு இல்லை. செவிலியர் கண்காணிப்பாளரிடம் பேசி, அளவுகோல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தோம்: வயிற்று வலி உண்டா, எத்தனை மணிக்குத் தொடங்கியது. ஒரு செவிலியருக்கு 30 கட்டில்கள் இருக்கும் வேளையில் மேலும் ஒரு வேலையைச் சுமத்துவது எனக்கு வருத்தமாகவே இருந்தது. "நேரத்தை எழுதினா போதும்ல சார்?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். அது போதும் என்றேன்.

2021 மே 26, புதன்

திசுப் பரிசோதனை முடிவு வந்தது. கட்டி இருந்த பெரிய தமனி ஒருபுறமிருக்க, குடல் சுவரின் நுண்குழாய்களிலும் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழை) கட்டிகள் இருந்திருக்கின்றன.

2021 ஜூன் 3, வியாழன்

54 வயதுக்காரர் இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார். பையில் நாளொன்றுக்கு 1,400 மி.லி. வெளியேறுவதால் உப்பும் நீரும் ஈடுசெய்ய வேண்டும், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லியிருக்கிறோம். எஞ்சிய சிறுகுடல் 200 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கிறது. பெருங்குடலும் இருப்பதால், சில மாதங்களில் இணைத்தபின் அவரால் வாயால் உண்டே வாழ முடியும் என்று நம்புகிறேன். அன்று மாலையே உரக்கக் கத்தியிருந்தால் இவ்வளவு போயிருக்காதா என்று அவர் கேட்டார். நீங்கள் சொன்னீர்கள், நாங்கள்தான் தாமதித்தோம் என்று சொன்னேன்.

இரவு 9.50. கட்டில் 14லிருந்து அழைப்பு. வயிற்று வலி, கட்டத்தில் 9.25 என்று எழுதியிருக்கிறார்கள். சி.டி. அறைக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.