ஏஎல் (இலங்கை உயர்தரம்) படிக்கப்போகும் தம்பி தங்கச்சிக்கு

முதலில் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். அதில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர் என்பது தோட்டப்பக்கம் சாதாரணம். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்குமுன்னே பிரதேச செயலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். கெம்பஸ் (பல்கலைக்கழக) பதிவு நேரத்தில் ஓடித் திரிவது பெரிய தலையிடி.

கூட்டாளியைப் பார்த்துப் பாடம் எடுக்க வேண்டாம். கெம்பஸ் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவால்) வகுத்து வருவது. எல்லோரும் 80 எடுக்கும் பாடத்தில் உங்கள் 80க்குப் பெறுமதி குறைவு. மூன்று பாட இசட் புள்ளிகளின் சராசரிதான் கணக்கு. ஒன்று சறுக்கினால் மொத்தமும் இறங்கும்.

நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்கு வெட்டுப்புள்ளி (தெரிவாகத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி) குறைவுதானே என்று கலைப்பிரிவுக்காரர் இருந்துவிடக் கூடாது. கலைப் பாடநெறிக்குத் தெரிவு, மாவட்டம் பார்க்காமல், அகில இலங்கைத் திறமை அடிப்படையில்தான்.

ஏஎல்லோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையிலும் குறைந்தது 30 புள்ளி வேண்டும். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்யுங்கள்.