கடைசி சாலுரானில் உட்கார்ந்து பார்த்த தேர்தல்

தேர்தல் வந்துவிட்டால் பினாங்கின் பிறை வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடைக்குக் கடை ஒரு கணக்கு ஓடும். தமிழர் ஓட்டு எந்தப் பக்கம், சீனர் எந்தப் பக்கம், மலாய்க்காரர் எந்தப் பக்கம் என்று ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். 2023 ஆகஸ்ட் 12 பினாங்கு மாநிலத் தேர்தலில் நான் வாக்குச்சாவடி முகவராக இருந்தேன், மாலையில் ஓட்டு எண்ணும்போதும் உடனிருந்தேன். அதன்பிறகு அந்தக் கணக்குகளை அப்படியே நம்ப முடியவில்லை.

முகவராவது பெரிய விஷயமில்லை. ஐசி (அடையாள அட்டை) நகல் கொடுத்து, இரவு நேரப் பயிற்சிக்குப் போய், வேட்பாளரின் நியமனக் கடிதம் வாங்கி, இரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுத்தால் போதும். நான் யாருக்காக உட்கார்ந்தேன் என்பது இங்கே தேவையில்லை.

எனக்குக் கிடைத்தது கடைசி சாலுரான், அதாவது கடைசி வாக்குப்பதிவு அறை. ஒரே பள்ளியில் ஓட்டுப் போடுகிறவர்களை வயதுப்படி வகுப்பறைகளுக்குப் பிரிக்கிறார்கள். முதல் அறையில் மூத்தவர்கள், கடைசி அறையில் இளையவர்கள். ஓட்டுரிமை வயதை 18 ஆக்கும் திருத்தம் 2019இல் நிறைவேறி, 2021 டிசம்பர் 15 முதல் தானியங்கிப் பதிவோடு நடப்புக்கு வந்தது. அதனால் என் அறைப் பட்டியலில் இருந்த பல பிள்ளைகள் ஒரு பாரம்கூட நிரப்பாமலே வாக்காளர் ஆனவர்கள்.

காலை எட்டு மணிக்கு முன் அதிகாரி காலிப் பெட்டியை எங்களுக்குக் காட்டி முத்திரை வைத்தார். அப்புறம் வேலை ஒன்றுதான். முதல் குமாஸ்தா பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பார், நான் ரூலர் வைத்து அந்தப் பெயரின் மேல் கோடு போடுவேன். இரண்டாமவர் விரலில் மை வைப்பார், மூன்றாமவர் சீட்டுக் கொடுப்பார். கீழ்த்தளத்தில் முதல் சாலுரானுக்கு காலையிலேயே நீண்ட வரிசை. பேரன் பிடித்துக்கொள்ள, கைத்தடியோடு பாட்டிகள் வந்துகொண்டே இருந்தார்கள். என் பட்டியலிலோ மதியம் தாண்டியும் பக்கம் பக்கமாகக் கோடு விழாத பெயர்கள். தெரிந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருந்தன. பார்க்கப் பார்க்க மனசு வலித்தது.

சோம்பேறித்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2022 நவம்பரில் பொதுத்தேர்தல், பினாங்கு தன் சட்டமன்றத்தை அப்போது கலைக்காததால் ஒன்பது மாதத்தில் இன்னொன்று. ஒரு தேர்தலுக்கு பஸ் ஏறி வந்த சிங்கப்பூர், கோலாலம்பூர் பிள்ளைகள் மறுபடியும் வரவேண்டும். உள்ளூரில் இருப்பவர்களுக்குத் தொழிற்பேட்டை ஷிப்ட். 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, ஓட்டுப் போட நியாயமான நேரத்தை முதலாளி சம்பளம் பிடிக்காமல் தரவேண்டும். அப்படி ஒன்று இருப்பதே பக்கத்து வீட்டுத் தம்பிக்குத் தெரியவில்லை. "நைட் ஷிப்ட் முடிஞ்சு படுத்துட்டேன்கா. எப்படியும் ராக்கெட்டுதானே ஜெயிக்கும்" என்றான்.

ஜெயித்ததும் உண்மைதான். ராக்கெட் என்று எல்லாரும் சொல்லும் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) போட்டியிட்ட 19 இடங்களையும் பிடித்தது. ஆனால் அதே இரவில், நமக்குப் பக்கத்திலிருக்கும் செபெராங் ஜெயா தொகுதி எதிரணியான பெரிக்காத்தான் கூட்டணியின் கைக்குப் போனது. 40 இடங்களில் 11 அவர்களுக்கு, அதில் பெரும்பாலானவை தீவில் இல்லாமல் பெருநிலத்தில். இது உறுதியான தொகுதி, நான் போய் என்ன ஆகப்போகிறது என்று உட்காரும் காலம் இல்லை இது. 2008இல் பத்து காவான் தொகுதியில் அப்போதைய முதலமைச்சர் கோ சு கூனே ஜசெகவின் பேராசிரியர் இராமசாமியிடம் தோற்பார் என்று இங்கே எத்தனை பேர் எதிர்பார்த்தார்கள்?

ஆறு மணிக்குக் கதவடைத்துப் பெட்டியை மேசையில் கவிழ்த்தார்கள். சீட்டை நாங்கள் தொடக்கூடாது. அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார், நாங்கள் ஐந்து ஐந்தாகக் கோடிட்டு எண்ணுவோம். ஒரு சீட்டில் குறி இரண்டு கட்டங்களுக்கு நடுக்கோட்டில் விழுந்திருந்தது. எல்லா முகவர்களும் எழுந்து நின்று பார்த்தோம். பேசிப் பேசி, கடைசியில் செல்லாதது என்று முடிவானது. ஒருவர் வரிசையில் நின்று போட்ட ஓட்டு அது. அடுத்த முறை குறி எப்படிப் போடுவதென்று வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள்.

முடிவை பாரம் 14இல் எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள், ஆளுக்கொரு பிரதியும் தந்தார்கள். அதில் இனம் என்று ஒரு கட்டமே கிடையாது. எந்தச் சாலுரானில் யாருக்கு எத்தனை என்பது மட்டும்தான். தமிழர் ஓட்டு இத்தனை விழுக்காடு அங்கே போனது என்று கடையில் சொல்வதெல்லாம், குடியிருப்பையும் பெயர்களையும் வைத்துப் போடும் ஊகம். அந்தத் தாள் எனக்கு உறுதியாகச் சொன்னது, எந்த வயதினர் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைத்தான்.

இப்போது வீடு மாறி வந்தவர்களைப் பார்த்தால் முதலில் ஐசி முகவரியைத்தான் கேட்கிறேன். பதிவிலாகாவில் முகவரியை மாற்றிவிட்டால் ஓட்டும் கூடவே மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது. ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் தேர்தல் ஆணையமான எஸ்பிஆரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். அந்தத் தம்பியின் ஐசியில் இன்னமும் அவன் அப்பா முன்பு குடியிருந்த நிபோங் திபால் முகவரிதான் இருக்கிறது. பதிவிலாகாவுக்கு அவனோடு நானும் போவதாக இருக்கிறேன்.